கைகாட்டி விட்ட விமானம்

திருவொற்றியூர் முழுக்கத் தேடினாலும் பஸ்ஸுக்குக் கை காட்டாத ஒரே ஆள் எங்கள் கைகாட்டிதான். பெயர் அப்படி, பழக்கம் இப்படி. ஸ்டாப்பிங்கில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வருகிற பஸ்ஸை முறைத்துப் பார்த்தபடி நிற்பார். யாரோ செக்கிங் இன்ஸ்பெக்டர் போலிருக்கிறது என்று பயந்து டிரைவர் நிறுத்தினால் உண்டு. இல்லாவிட்டால் பஸ் போய்விடும். இவர் அடுத்த பஸ்ஸை முறைக்கத் தொடங்குவார்.

எல்லாம் தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம். சாத்தாங்காட்டில் ஓர் இரும்பு யார்டில் முப்பது வருஷம் கிரேனுக்கு சிக்னல் காட்டியவர் அவர். கீழே நின்று இவர் கையை நீட்டினால், மேலே கேபினில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் ஒரு லாரி பாரத்து இரும்புத் தகட்டை அந்தப் பக்கம் திருப்புவார். கையை மடக்கினால் நிறுத்துவார். அப்படிப்பட்ட கையைச் சும்மா ஆட்டலாமா?

"கை சும்மா ஆடக்கூடாது சார். எங்கனா எதனா எறங்கிடும்" என்பார்.

கல்யாண வீட்டில் எல்லோரும் அட்சதையைத் தூவுவார்கள். இவர் மேடைக்கு நடந்துபோய், மணமக்கள் தலையில் அதைப் பொறுப்பாக இறக்கி வைத்துவிட்டு வருவார். பள்ளிக்கூட வேனிலிருந்து பேத்தி டாட்டா காட்டினால் தலையை மட்டும் அசைப்பார். கொசு உட்கார்ந்தால் ஊதித் துரத்துவார். அதே யார்டில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்த நான் இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன்.

அந்தக் கையை நம்பி மேலே உட்கார்ந்திருந்தவர் மாணிக்கம். இருபத்திரண்டு வருஷம் இவர் சிக்னல், அவர் கிரேன். மத்தியானம் மாணிக்கம் தன் டிபன் கேரியரைக் கயிற்றில் கட்டிக் கீழே விடுவார். அதற்கும் இவர் அண்ணாந்து நின்று, மெதுவாக, இன்னும் மெதுவாக என்று சிக்னல் கொடுப்பார். சாம்பார் ஒரு சொட்டு சிந்தியதில்லை. பிறகு மாணிக்கம் இறங்கி வருவார். இரண்டு பேரும் ஒரே கேரியரில் சாப்பிடுவார்கள்.

ஒருநாள் காலை, தூக்கிய தகடு போக வேண்டிய பக்கம் போகாமல் இந்தப் பக்கம் திரும்பி, நின்றிருந்த ஒரு லாரியின் கேபினை அப்பளமாக நொறுக்கியது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் உயிர் தப்பினார். விசாரணை நடந்தது. வாக்குமூலம் எழுதியது நான்.

மாணிக்கம் சொன்னது ஒரே வரி: "கை ஆடுச்சி. நான் திருப்புனேன்."

கைகாட்டி சொன்னதும் ஒரே வரி: "என் கை ஆடல."

மேனேஜர் என்னைப் பார்த்து, "நீங்க என்னய்யா சொல்றீங்க?" என்றார். எனக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு உற்சாகம் வந்ததோ தெரியவில்லை. 'மேற்படியார் பஸ்ஸுக்குக்கூடக் கை காட்டாதவர் என்பது யார்டு முழுக்கத் தெரிந்த விஷயம்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். விசாரணை அதோடு முடிந்தது. மாணிக்கத்தைக் கிரேனிலிருந்து இறக்கி, கேட்டில் லாரி நம்பர் குறிக்க உட்கார வைத்தார்கள். ஒரு மாதம் குறித்தார். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த தெருவில் வீடு. ஒன்பது வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. மீன் வாங்கப் போகும் வழியில் எதிரே பார்த்தால் ஒருவர் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார். யார் தாண்டுவது என்பதில் மட்டும் ஒற்றுமை இருந்தது. ஒரு நாள் இவர், ஒரு நாள் அவர்.

நானும் கைகாட்டியும் ரிட்டயர் ஆன பிறகு ஒரு காலை அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், உங்க போன்ல ஏரோப்ளேன் கெடைக்குமா?"

"டிக்கெட்டா?"

"டிக்கெட் எதுக்கு? ஏரோப்ளேனு. நாமளே ஒட்டி, ரிமோட்டுல உடறது. பேத்தி காட்டுச்சி."

இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன். "முப்பது வருசம் நான் கைய காட்டிகினு நின்னேன். தூக்குனவன் இன்னொருத்தன். ஒரு தபா, ஒரே தபா, நானே தூக்கி நானே எறக்கணும் சார். நடுவுல எவனும் வேணாம்" என்றார். அந்த 'எவனும்' யார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெட்டி வந்தது. உள்ளே வெள்ளைத் தெர்மாகோல் மாதிரி லேசான உடம்பு, நீளமாக ஓர் இறக்கை, ஒரு மோட்டார், ஒரு விசிறி, சுண்டுவிரல் நீளத்துக்குச் சில கம்பிகள், பேட்டரி, ரிமோட். எல்லாம் சேர்ந்து ஒரு தேங்காய் கனம் இருந்தால் அதிகம். ஆனால் கைகாட்டி என் கூடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, "லோடு தூக்கற எடத்துல ஆள் நடமாட்டம் கூடாது" என்று என் மனைவியைச் சமையலறையோடு நிறுத்திவிட்டார். டிவி கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதால் அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஒட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. விமானத்தின் எடை எந்த இடத்தில் சமமாக நிற்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் ஒரு பக்கம் படம் போட்டிருந்தான். இவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. இரண்டு விரலை இறக்கைக்குக் கீழே கொடுத்துத் தூக்கினார். விமானம் தராசு முள் மாதிரி நேராக நின்றது. பிறகு படத்தைப் பார்த்தேன். அதே இடம்.

தகராறு வந்தது ரப்பர் பேண்டில். இறக்கையை உடம்போடு ரப்பர் பேண்டு போட்டு மாட்டச் சொல்லியிருந்தது.

"ரப்பர் பேண்டா? ரப்பர் பேண்டுல எவனா லோடு கட்டுவானா? இன்னா சார் பேஜாரு இது!"

நேராகக் காசிமேட்டுக்குப் போய், வலை பின்னுகிற நைலான் நூல் வாங்கி வந்தார். யார்டில் தகட்டைக் கட்டுகிற முடிச்சு போட்டு இறக்கையை இறுக்கினார். புயல் வந்தாலும் பிரியாது என்றார். அது பிரியாமல் இருந்ததுதான் வினையாகிப் போனது. கீழே விழும்போது இறக்கை அடிபடாமல் கழன்று போகட்டும் என்றுதான் அந்த ரப்பர் பேண்டே. அது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

எர்ணாவூர் பக்கம் காலியாகக் கிடந்த ஒரு பொட்டலில் முதல் நாள் விமானம் விட்டோம். நான் கையால் வீசினேன். விமானம் எழும்பியது. எங்களை நோக்கித் திரும்பி வந்தபோது அதன் அழகைப் பார்க்க வேண்டுமே! இடது, வலது எல்லாம் சொன்ன பேச்சு கேட்டது. தலைக்கு மேலே தாண்டி அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், இவர் ஒரு பக்கம் திருப்பப் போக, அது இன்னொரு பக்கம் சாய்ந்து, நேராக மண்ணில் போய்க் குத்தியது. முடிச்சு அப்படியே இருந்தது. இறக்கைதான் இரண்டாகியிருந்தது.

இன்னும் இரண்டு இறக்கை வரவழைத்தோம். ஒன்றை மாட்டி விட்டோம். அதே கதை. வரும்போது தங்கம், போகும்போது தரை.

இந்த விளையாட்டு தெரிந்த ஒருவரிடம் போனில் கேட்டேன். அவர் சிரித்தார். எல்லோருக்கும் விமானம் எதிரே வரும்போதுதான் இடம் வலம் குழம்புமாம். போகும்போது குழம்புகிற ஆளைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். எனக்கு விஷயம் விளங்கியது. ஆயுசு முழுக்க எதிரே நின்று, எதிராளியின் பக்கத்தை மனசில் வைத்தே கை காட்டிய மனுஷன். முதுகு காட்டிப் போகிற ஒன்றை ஓட்ட அவருக்கு எப்படி வரும்?

"வர்றத சமாளிச்சிருவேன் சார்" என்றார், உடைந்த இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு. "போறதுதான் வரமாட்டேங்குது."

பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இறக்கை. அந்த வாரம்தான் மாணிக்கம் வீட்டைக் காலி செய்கிற செய்தி வந்தது. ஓசூருக்கு, மகள் வீட்டோடு இருக்கப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை. இனி வரப்போவதில்லை. கைகாட்டியிடம் சொன்னேன். "போட்டும்" என்றார். ஆனால் அன்று முழுக்க அவர் இறக்கைக்குப் பசை தடவவில்லை. பசை டியூபின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருஷம் இருந்த பிணக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஆயுசுக்கும் இறுகிவிடும். அதற்கு என் கையெழுத்தும் ஒரு காரணம். தூக்கம் பிடிக்காமல் மாணிக்கம் வீட்டுக்குப் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். விமானக் கதையைச் சொல்லி, ஞாயிறு காலை எர்ணாவூர்ப் பொட்டலில் கடைசி இறக்கையை விடப்போகிறோம், வாருங்கள் என்றேன்.

"அவன் இட்டாரச் சொன்னானா?"

"இல்லை."

"அப்ப நான் ஏன் வரணும்?" என்று சொல்லிவிட்டு மூட்டையை இறுக்கினார். அதே முடிச்சு.

ஞாயிறு காலை பொட்டலில் நாங்கள் இறங்கியபோது அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மாணிக்கம்தான். யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. மாணிக்கம் கையை மட்டும் நீட்டினார். கைகாட்டி அந்தக் கையைப் பார்த்தார். இது ஒன்றையாவது தனியாகச் செய்துவிட வேண்டும் என்றுதானே இத்தனை பாடு. கடைசி இறக்கை. கடைசி நாள். ரிமோட்டை அந்தக் கையில் வைத்தார்.

பிறகு திரும்பி நடந்தார். நூறு அடி தள்ளிப் போய் எங்களைப் பார்த்து நின்றுகொண்டார். பையிலிருந்து எதையோ எடுத்து மாட்டினார். யார்டில் போட்டிருந்த ஆரஞ்சு நிற மேல்சட்டை.

நான் விமானத்தை வீசினேன். கைகாட்டியின் கை எழுந்தது.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், மாணிக்கம் விமானத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கண் ஆபரேஷன் ஆன மனுஷன். எண்ணூர்ப் புகைமூட்டத்தில் அந்த வெள்ளை விமானம் அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆரஞ்சு சட்டையை மட்டும் பார்த்தார். அந்தக் கை நீண்டால் திருப்பினார். ஏறினால் ஏற்றினார். விமானம் போனது, திரும்பியது, வந்தது, மறுபடி போனது. போகும்போதும் விழவில்லை. நான்கு சுற்று. ஐந்தாவது சுற்றில் கை மெதுவாகக் கீழே இறங்கியது, டிபன் கேரியருக்கு இறங்கிய அதே வேகத்தில். விமானம் கைகாட்டியின் காலடியில் வந்து உட்கார்ந்தது.

மாணிக்கம் ரிமோட்டை என்னிடம் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இத்தனைக்குப் பிறகும் வாய் திறக்காத இரண்டு ஜென்மங்களை என்ன செய்வது?

மூன்று மணிக்குக் குட்டியானை வேனில் சாமான் ஏறியது. மாணிக்கம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருமுனையில் கைகாட்டி நின்றார், கைகள் முதுகுக்குப் பின்னால். நான் பக்கத்தில். வண்டி எங்களைத் தாண்டிப் போனது. முதுகு காட்டிப் போகிற வண்டி.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. வலது கை மேலே எழுந்து, இப்படியும் அப்படியும் ஆடியது. முப்பது வருஷத்தில் நான் பார்க்காத ஆட்டம்.

வண்டி கிறீச்சென்று நின்றது. பின்னால் இருந்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட் உருண்டு ரோட்டில் விழுந்தது. மாணிக்கம் இறங்கி, பக்கெட்டைக்கூடப் பார்க்காமல், எங்களை நோக்கி நடந்து வந்தார். கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

"இன்னா சிக்னல் அது?"

"சிக்னல் இல்ல மாணிக்கம். டாட்டா. சும்மா."

மாணிக்கம் அவரையே பார்த்தார். கைகாட்டி கையைக் கீழே இறக்கினார்.

"அன்னிக்கும் சிக்னல் இல்ல மாமு. ஈ. காதாண்ட வந்து குந்திகினு பேஜார் பண்ணுச்சி. கைய வீசிட்டேன். அப்பால எல்லாரும் வந்து கேக்கசொல்ல பயந்துட்டேன்."

எனக்கு என் அழகான கையெழுத்து ஞாபகம் வந்தது.

"கை ஆடுச்சா?" என்றார் மாணிக்கம்.

"ஆடுச்சி."

"ஒம்போது வருசமா என் கண்ணு மேல நான் சந்தேகப்பட்டுகினு கீறேன்டா. மூணு டாக்டராண்ட போய் காட்டுனேன்." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஆடுச்சில்ல? அது போதும் எனுக்கு."

கைகாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். போகிறபோது மாணிக்கம் என் பக்கம் திரும்பி, "சார், எய்திக்கோங்க" என்றார். என் சட்டைப்பையில் பேனாகூட இல்லை.

இப்போது எழுதிவிட்டேன். கைகாட்டியிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் கரெக்டாத்தான் கீது" என்றார். ஓசூரிலிருந்து வாரம் ஒரு போன் வருகிறது. இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு இன்னொரு கையைத் தாராளமாக ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். பஸ்ஸுக்கும் கை காட்டுகிறார். இப்போதும் பஸ் நிற்பதில்லை.

நான் நிற்கிறேன். ரோட்டில் எங்கே அவர் கை எழுந்தாலும் ஸ்கூட்டரை நிறுத்தி, என்ன வேண்டும் என்று கேட்கிறேன். "சும்மா சார்" என்கிறார். அந்தச் சும்மாவுக்காக நான் தினமும் நிறுத்துவேன்.