குடத்தில் வந்த ஏரி

சாலவாக்கம்,
புரட்டாசி 20.

மரியாதைக்குரிய தாமல் திரு. தணிகைவேல் அவர்களுக்கு, சாலவாக்கம் பச்சமுத்து வணக்கத்துடன் எழுதுவது. முதலில் ‘சம்பந்தி அவர்களுக்கு’ என்றுதான் எழுதினேன். அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறது, பொறுத்துக்கொள்ளவும். இங்கே நானும் என் மனைவி அம்முலுவும் மகள் பிரபாவும் சுகம். அங்கே தாங்களும் வீட்டில் அம்மாவும் தங்கள் மகன் அசோக்கும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். அடுத்தபடியாக, ஏரியில் தண்ணீர் எப்படி என்று விசாரிப்பதுதான் வழக்கம். ஆனால் இப்போது ஏரி என்று எழுதவே கை கூசுகிறது.

ஆவணிக் கடைசி ஞாயிறு தாங்கள் எங்கள் வீட்டுக்கு பிரபாவுக்கும் அசோக்குக்கும் நிச்சயத் தேதி பேச வந்தீர்கள். கேசரி வந்தது, காபி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. எல்லோரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தோம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கே சத்தமில்லையோ அங்கே ஏதோ கோளாறு என்று நினைத்துப் பழகியவன். அதனால் வாயைத் திறந்து ஒரு கதை சொன்னேன். அது தங்கள் காதில் எப்படி விழுந்ததோ தெரியாது, சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். தாமலில் ஒருத்தன் இருந்தானாம். மாமியார் வீட்டில் ‘உங்க ஊர் ஏரி எவ்ளோ பெருசு?’ என்று கேட்டார்களாம். காட்டுகிறேன் பாருங்கள் என்று ஒரு குடம் ஏரித் தண்ணீரை மொண்டு தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டானாம். பாதி வழியில் தடுக்கி, தண்ணீரெல்லாம் ஒரு பள்ளத்தில் கொட்டித் தேங்கிவிட்டதாம். அவனும் அங்கேயே நின்றுகொண்டு, ‘இது எங்க ஊரு ஏரி, எவனும் மாட்ட எறக்காதே’ என்று காவல் காத்தானாம். இந்த இடத்தில்தான் தாங்கள் எழுந்து, கை கூப்பி, “போயிட்டு தகவல் சொல்றோம்” என்றீர்கள். கேசரி பாதி அப்படியே இருந்தது. பெண் வீட்டுக்காரனுக்கு அந்த மூன்று சொல்லுக்கு அர்த்தம் தெரியாதா.

தாங்கள் தெருமுனை தாண்டியதும் அம்முலு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “நாப்பது வருசமா கம்பத்துல ஏறி எறங்கன ஆளு. வாய மட்டும் ஏத்திட்டா எறக்கத் தெரியல.” பிரபா கேசரித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கதை தாமலைப் பற்றியது இல்லை என்று நிரூபித்தால் தங்களிடம் வந்து நிற்கலாமே என்று தோன்றியது. கரண்ட் போனால் கம்பம் கம்பமாகப் பின்னாலேயே போய்ப் பார்ப்பது என் தொழில். அதேபோல், இந்தக் கதையை எனக்குச் சொன்னவனிடம் போனேன். உத்திரமேரூர் ஞானதாஸ், என்னோடு வயர்மேனாக இருந்தவன். “டேய், தாமல்காரன் கதைய உனக்கு யார் சொன்னது?” என்றேன். அவன் வெகுநேரம் சிரித்துவிட்டு, “இன்னா தாமல்? நாங்க சொல்றது சாலவாக்கத்தான் கதைடா. அன்னிக்கி எதிர்ல நீ குந்திக்கினு இருந்தியா, மூஞ்சிய பாத்து ஊர மாத்திட்டேன்” என்றான். முப்பத்தெட்டு வருஷமாக என் ஊர் முட்டாளைத்தான் நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஞானதாஸ் சொல்கிற முடிவும் வேறு. ஒரு மாடு வந்து அத்தனையையும் குடித்துவிட, குடக்காரன் ‘எங்க ஊரு ஏரிய மாடு குடிச்சிடுச்சி’ என்று அழுதுகொண்டே வீடு திரும்பினானாம். ஞானதாஸுக்கு இது அவன் மனைவி கல்பனா சொன்னது. அவள் பிறந்தது திருப்புட்குழி.

சரி, திருப்புட்குழிக்கு முன்னால் பக்கத்திலிருக்கும் தாமலையும் பார்த்துவிடலாம் என்று நேராகத் தங்கள் ஏரிக்கரை வரை வந்தேன். ஊருக்குள் நுழையத் தைரியமில்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் நைசாகக் கேட்டேன். “அவனா? அவன் திருப்புக்குழியான் ஆச்சே” என்றார். குடம் கொட்டிய அன்றே மழை பிடித்து, பள்ளம் பெருகி, சின்ன ஏரியாக, ஒரு தாங்கலே ஆகிவிட்டதாம். அப்படியென்றால் அவன் எப்படி முட்டாள் என்று கேட்டேன். “நான் எப்போ அவன முட்டாள்னேன்? தண்ணி நிறுத்தனவன எவனாவது முட்டாள்னுவானா?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

திருப்புட்குழியில் கோயில் வாசலில் ஆண்டாளம்மாள் என்பவர் துளசி கட்டிக்கொண்டிருந்தார். கல்பனாவுக்குச் சித்தி முறை, என் வயதுதான் இருக்கும். கோயிலில் பிள்ளைவரம் கேட்டு வைக்கிற வறுத்த பயறே முளைக்கும் என்கிற ஊர், கதை முளைக்காதா என்று அவரிடம் போய் முட்டாள் எந்த ஊர் என்று கேட்டேன். அவர் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னார்.

“மூணு வருசம் மானம் பொய்ச்சிப் போச்சி. ஏரி வத்தி ஊரே காலி. அவனவன் அண்டா, அம்மின்னு தூக்கிக்கினு பொறப்பட்டான். இவன் ஒத்தன் மட்டும் அடியில கெடந்த தண்ணிய ஒரு கொடம் மொண்டுக்கினான். போற வழியில கொட்டிப் போச்சி. அதும் பக்கத்துலயே குந்திட்டான். ஊர வுட்டுப் போறவன் வேற இன்னாத்த எடுத்துக்கினு போவான், நீயே சொல்லு.”

“அவன் எந்த ஊரும்மா?”

“ஊரே போச்சின்றேன். பேரு கேக்கறியே.”

எனக்கு வண்டியைக் கிளப்பக் கொஞ்ச நேரம் ஆனது. வேலையில் எனக்கு ஒன்பது ஊர் மாற்றல். ஒவ்வொரு ஊருக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு கேன் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன், வேறு தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டு. ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. நான்தான் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஆகவே ஐயா, கதையில் ஊர்ப்பெயர் பல்பு மாதிரி. யார் வீட்டில் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். கரண்ட் வேறு எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து என்று இருபது நாளாகத் தேடுகிறேன், பிடிபடவில்லை. கேட்கிற ஊரிலெல்லாம் அவரவர் பயத்தையும் ஆசையையும் போட்டு முடித்து வைத்திருக்கிறார்கள். தாங்கள் என் வாய்க்கொழுப்பை மன்னித்து, பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். இனி எந்தச் சபையிலும் கதை சொல்வதில்லை என்று அம்முலு தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். தங்கள் நிலம் விளைந்து, வீடு நிறைந்து, எல்லோரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
பச்சமுத்து

பி.கு.: இதை உறையில் போடும்போது பிரபா வாங்கிப் படித்துவிட்டாள். “அப்பா, அவரு கோச்சிக்கினு போவல. அவங்க மாடு கன்னு போட முடியாம கெடக்குதுன்னு போன் வந்துச்சி. நல்லது பேசற எடத்துல அத சொல்லக் கூடாதுன்னு எய்ந்துட்டாரு. மறுநாளே அசோக் சொல்லிட்டாரு” என்றாள். இருபது நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ தெனம் சாயங்காலம் ஒரு கதையோட வந்தியா, சொன்னா நிறுத்திடுவ.” அம்முலுவுக்கும் தெரியுமாம். நான் கொண்டுவந்த கதையெல்லாம் பிரபா அசோக்குக்குச் சொல்ல, அவர் தங்களுக்குச் சொல்ல, தாங்கள் மறுநாள் கதைக்குக் காத்திருப்பீர்களாமே. ஆக, மேலே எழுதியது எல்லாம் தங்களுக்கு முன்பே தெரியும். மாடும் கிடாரிக் கன்றும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். ஆனால் எல்லாம் கேட்டுவிட்டு, மாடு குடித்த முடிவுதான் சரியானது என்று தீர்ப்புச் சொன்னீர்களாம். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் நேரில் வருகிறேன், அதை முதலில் பேசித் தீர்ப்போம். நிச்சயத் தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.