எறும்புத்தின்னித் தோடும் மாமனார் தின்ற முயலும்

பயம் வந்தால் சிலருக்குப் பேச்சு வராது. எனக்கு வரும், வந்தால் நிற்காது.

முள்ளிப்பட்டுக்கு மருமகளாக வந்த இரண்டாம் வருடம், பாசிமணி நகை செய்யப் பழகினேன். மற்றவர்கள் மயில், மாங்காய் என்று கோக்க, நான் அழிந்துவரும் விலங்குகளைப் பிடித்துக்கொண்டேன். (பெரிய புரட்சி என்று நினைப்பு.) பழுப்பு மணிகளைச் செதில் செதிலாக அடுக்கிய எறும்புத்தின்னித் தோடு எனக்கே பிடித்துப்போக, ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேன்: "எறும்புத்தின்னி. ஒரிஜினல். ரெண்டே ஜோடி. ஜல்தி போன் பண்ணுங்க." கூடப் போட்ட படம் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை வாசலில் ஜீப் நின்றது. பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. காக்கி உடுப்பில் இரண்டு பேர். மூத்தவர், "ஃபாரஸ்ட் ஆபீஸ்ல இருந்து வரோம். எறும்புத்தின்னி விக்கிறது நீங்கதானுங்களா?" என்றார்.

தோடு என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. எறும்புத்தின்னியை வைத்திருந்தால் வருஷக்கணக்கில் ஜெயில் என்று அவர் விளக்கினார். வீட்டில் யாருக்காவது வேட்டைப் பழக்கம் உண்டா என்று கேட்டார்.

"நான் எதையும் தொட்டதில்லீங்க. எங்க மாமாதான் காட்டு முயல் புடிச்சித் துன்னாரு."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் அதைக் கீழே இறக்கினார்.

"அது ஆவுது நாப்பது வருஷம்," என்றார் மெதுவாக. (மறுத்திருக்கலாம், பாவம்.)

அதிகாரி நோட்டை எடுத்தார். அரிசி டின், பீரோ, தறிக்குழி என எல்லா இடத்திலும் தேடினார்கள். வேறெங்கே ஒளித்திருக்கிறாய் என்று அவர் கேட்க, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டிய வேகத்தில், காதில் தொங்கிய எறும்புத்தின்னித் தோடு கன்னத்தில் அடித்தது. அவர் பார்வை அங்கேயே நின்றது. கழற்றச் சொல்லி வாங்கி, நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதாம்மா எறும்புத்தின்னி?"

அழுதுகொண்டே ஆமாம் என்றேன். சின்னவர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். மூத்தவர் சிரிக்கவில்லை; இனி கண்ணாடி மணி என்று தெளிவாக எழுதச் சொன்னார். கிளம்பும்போது மாமனாரிடம், "பெரியவரே, இனிமே முயல் பக்கம் தலை வச்சிப் படுக்காதீங்க," என்றார்.

மாமனார் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார். ஆனால் காக்கிச் சட்டையில் யார் வாசலுக்கு வந்தாலும், தபால்காரராகவே இருந்தாலும், அவர் முதலில் என் பக்கம்தான் திரும்புவார்.

"நீ உள்ள போம்மா. நான் பேசிக்கிறேன்."

வீடே சிரிக்கும். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.