எலிக்கு என்ன நிறம்?

எலிக்கு உடம்பில் ஒரு முடிகூட இல்லை. விமர்சகரின் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

படத்தின் பெயர் ‘எட்டாவது நிலாவில் ஓர் எலிக்குஞ்சு’. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செய்த, குழந்தைகளுக்கான விண்வெளி சாகசப் படம். வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வருகிறது. பத்திரிகைக்காரர்கள் முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று தயாரிப்பு நிறுவனம் படத்தை இணையத்தில் அனுப்பியிருந்தது. கூடவே படத்தின் பெருமைகளை விளக்கி நீளமாக ஒரு குறிப்பும் வந்தது. அதை விமர்சகர் திறக்கவே இல்லை. அதையெல்லாம் படித்தால் சொந்தப் பார்வை கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை.

ஆகவே சொந்தப் பார்வையோடு டிவி முன்னால் உட்கார்ந்தார். எலி சாம்பல் நிறம். சரி, எலிதானே. நிலாவும் சாம்பல். எலியின் அம்மா, ராக்கெட், வில்லன், வில்லனின் தொப்பி, எல்லாமே சாம்பல். தரை கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமாக இருந்தது. எலி ஓடினால் அதன் கால் தரைக்குள் போய்ப் போய் வந்தது. ராக்கெட் வெடிக்க வேண்டிய இடத்தில் திரை வெறுமையாகி, ‘இங்கே பெரிய வெடிப்பு’ என்று எழுத்து மட்டும் வந்து நின்றது.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, அரைகுறையா இருக்கு?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"உங்களுக்குப் புரியுதா?"

புரியவில்லைதான். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் அதை வெளியே சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. போன வருஷம் ஒரு படத்தில் முக்கால்வாசி நேரம் ஒரு சுவரையே காட்டுகிறார்கள் என்று கிண்டலடித்து எழுதினார். அந்தப் படம் ஊர் உலகத்து விருதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தது. பத்திரிகை ஆசிரியர் அவரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி மானத்தை வாங்கினால் சினிமாப் பக்கத்திலிருந்து ராசிபலனுக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார். "அங்க ஒரு வசதி, எதையும் பார்க்காமலே எழுதலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா? விமர்சகர் பாராட்டித் தள்ளினார். நிறமே இல்லாத உலகத்தைக் குழந்தைகளுக்குக் காட்டிய துணிச்சல் என்றார். எலியின் மொட்டை உடம்பில் பிரபஞ்சத்தின் தனிமையைக் கண்டார். வெடிப்பைக் காட்டாமல் எழுதிக் காட்டியது, கற்பனையைக் குழந்தைகளிடமே ஒப்படைத்த மேதைமை என்று முடித்தார். முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தார், பாவம்.

மறுநாள் காலையில் மற்ற பத்திரிகைகளை வாங்கிப் பிரித்தார். ஒன்று ‘கண்ணுக்கு வானவில் விருந்து’ என்றது. இன்னொன்று எலியின் பஞ்சுமிட்டாய் நிற ரோமத்தை இழை இழையாக வர்ணித்தது. வெடிப்புக் காட்சியில் பயந்துபோய் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டதாக ஒருத்தர் எழுதியிருந்தார்.

ஆசிரியர் போன் செய்தார். சத்தமே போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஊரே கலர் கலர் என்கிறது, நீங்கள் மட்டும் சாம்பல் என்கிறீர்கள், சாயங்காலத்துக்குள் ஒரு மறுபார்வை எழுதித் தரவில்லையென்றால் நாளைக்கு மேஷத்திலிருந்து ஆரம்பித்துவிடுங்கள் என்றார்.

விமர்சகரோ, மீசை முளைத்த நாளிலிருந்து சினிமாவைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷன். உடனே இன்னொரு பத்திரிகையின் விமர்சகருக்குப் போன் போட்டார். எந்தப் படம் வந்தாலும் நாலு நட்சத்திரம் கொடுப்பவர் என்பதால் அவருக்கு நாலு ஸ்டார் என்றே பெயர்.

"எலி என்ன கலருங்க?"

"பஞ்சுமிட்டாய் கலர். எழுதியிருக்கேனே."

"எனக்குச் சாம்பலாத் தெரிஞ்சுது."

மறுமுனையில் ஏதோ காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நீங்க... முழுசாப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் நாலு ஸ்டார், உடம்பு சரியில்லாதவரை விசாரிக்கிற குரலில். பார்த்தேன் என்றதும், அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அப்படியானால் கோளாறு டிவியில்தான். மெக்கானிக்கை வரவழைத்தார். நேற்று சமையல் நிகழ்ச்சியில் தக்காளி சிவப்பாகத்தான் இருந்தது என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? மெக்கானிக் டிவியின் முதுகைக் கழற்றி, எதையோ பிடுங்கி, எதையோ சொருகினார். அதற்குப் பிறகு செய்தி வாசிப்பவர் ஊதா நிறத்தில் வந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் மறைந்து போனார்.

"இப்பத்தான் சார் போச்சு. முன்னாடி நல்லாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் டிவியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

டிவி நன்றாக இருந்தது என்றால் கண்தான் கெட்டிருக்க வேண்டும். தனக்கும் சாம்பலாகத்தான் தெரிந்தது என்று மனைவி சொன்னதைக் காதில் வாங்காமல் கண் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் கலர் கலராக அட்டைகளைக் காட்டினார். விமர்சகர் ஒன்று விடாமல் சரியாகச் சொன்னார். வந்ததுதான் வந்தீர்கள், உள்ளேயும் பார்த்துவிடுவோம் என்று டாக்டர் சொட்டு மருந்து விட்டார். இனி நாளைக் காலை வரை எல்லாம் மங்கலாகத்தான் தெரியும் என்று, விட்ட பிறகு சொன்னார்.

மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். இப்போது டிவியும் இல்லை, கண்ணும் இல்லை. படத்தை இன்னொரு தடவை பார்க்க வழியே இல்லை. சாயங்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில், மற்ற பத்திரிகைகளை மனைவி வாசிக்க, அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டு அவர் சொல்ல, அவளே டைப் அடித்தாள்.

"பார்க்காத கலரை எப்படிங்க எழுதறது?" என்றாள் பாதியில்.

"ஊரே சேர்ந்து பொய் சொல்லுமா? என் கண்ணுதான் பொய்."

சொல்லும்போதே, இத்தனை வருஷம் சோறு போட்ட கண்ணைத் தானே காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. அழுகைகூட வந்தது. மருந்துதான் கரிக்கிறது என்று மனைவியிடம் சமாளித்தார். பஞ்சுமிட்டாய் ரோமம், ஆரஞ்சு நிலா, நாற்காலியைப் பிடிக்க வைத்த வெடிப்பு, எல்லாம் போட்டு, முதல் விமர்சனம் தன் உடல்நலக் குறைவால் நேர்ந்த பிழை என்று ஒரு வருத்தமும் தெரிவித்தார்.

ஆசிரியர் படித்துவிட்டு மனம் குளிர்ந்து போனார். "இப்பத்தான் படத்தைப் பார்த்துட்டு எழுதின மாதிரி இருக்கு" என்றார். ராசிபலன் ஆபத்து நீங்கியது.

மறுபார்வை அச்சில் வந்த அன்று காலை, வாசல் மணி அடித்தது. தயாரிப்பு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் பெரிய பூங்கொத்தோடு நின்றிருந்தாள். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். விமர்சகரின் கண் இப்போது தெளிவாகிவிட்டிருந்தது. அவள் பூங்கொத்தின் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தது நன்றாகவே தெரிந்தது.

"தப்பு எங்க மேலதான் சார். கலர் ஏத்தாத, பாதி வேலையில இருந்த ஃபைலை மாத்தி அனுப்பிட்டோம்."

விமர்சகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சமையலறைப் பக்கம் திரும்பி, கேட்டியா என்பது போல மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப நான் பார்த்தது சரிதான். எனக்கு மட்டும் எப்படிம்மா மாறிப் போச்சு?"

"உங்களுக்கு மட்டும் இல்ல சார், எல்லாருக்கும் அதே ஃபைல்தான் போச்சு. மத்தவங்க நாங்க அனுப்பின குறிப்பைப் பார்த்து எழுதினதால எங்களுக்கே தெரியல. உங்க முதல் விமர்சனம் வந்ததும்தான், ஐயோ, ஒருத்தர் நிஜமாவே படத்தைப் பார்த்துட்டாரேன்னு ஆபீஸே ஆடிப் போச்சு. நல்லவேளை, இன்னைக்கு நீங்களும் பார்க்காம எழுதிக் காப்பாத்திட்டீங்க."