துல்காரின் திருவுருவப் படம்

உலக ஓவிய வரலாற்றைத் துல்காருக்கு முன், துல்காருக்குப் பின் என்று இரண்டாகப் பிரிப்பதே முறை. டப்போ நகர நூலகத்தின் பின்னறையில் அந்தப் பிரிவினை நடந்தபோது, எங்கள் விளையாட்டுக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நான் உடனிருந்தேன். சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தேன்.

துல்கார் ஏழடி மாவீரன். மூன்று டிராகன்களைக் கொன்றவன். வார நாட்களில் அவன் பெயர் டெஸ்மண்ட். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். சனிக்கிழமை பிற்பகல்களில் நாங்கள் நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கற்பனை நாடொன்றில் வேறு ஆட்களாக வாழ்வோம். கதையை நடத்துபவர் ஃபெர்கஸ். அவர் வாக்கே சட்டம். நான் திருடன். மார்னி மருத்துவச்சி. துல்கார் வெட்டுப்பட்டு விழும்போதெல்லாம் மந்திரம் போட்டு எழுப்புவது அவள் வேலை. இதுவரை பதினோரு முறை எழுப்பியிருந்தாள்.

மார்னிக்கு டேப்லெட்டில் படம் போடவும் வரும். எங்கள் மூன்று பாத்திரங்களையும் வரைந்து தருவதாக அவளே முன்வந்தாள். முதல் வரைவை டெஸ்மண்ட் வெகுநேரம் உற்றுப் பார்த்து, 'உண்மைத்தன்மை' போதவில்லை என்றார்.

கலைக்கு உண்மைதானே உயிர்? துல்காரின் தோள்கள் அகன்றன. டெஸ்மண்டின் தலையில் இல்லாத முடியெல்லாம் அவற்றின்மேல் புரண்டது. தழும்பு வேண்டும், ஆனால் அது முகத்தைக் கெடுக்கக்கூடாது என்பதால், ஒன்பது முறை இடம் மாறிக் கடைசியில் முழங்கையில் குடியேறியது. கோடரி வளர்ந்துகொண்டே போனதில் திருடன் அதன் பின்னால் மறைந்துபோனான். கலைக்காக மறைவது பெருமை என்று என்னைத் தேற்றினார்கள். நானும் தேறினேன்.

முப்பத்தெட்டாவது வரைவுக்காக அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மார்னி," என்றார் டெஸ்மண்ட். "அந்த ஓரத்துல நிக்குற பொம்பளதான் கண்ண உறுத்துது."

"அது நான், டெஸ்."

"தெரியும். தப்பா எடுத்துக்காத. மாவீரன்னா தனியா நிக்கணும்ல?"

மார்னி எங்களைப் பார்த்தாள். ஃபெர்கஸ் கூரையைப் பார்த்தார். வாக்கெடுப்பில் மூன்றுக்கு ஒன்று. 'இனி இந்தப் படமே அதிகாரபூர்வ உண்மை' என்ற தீர்மானத்தை நான் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவள் தன்னைப் பாதத்திலிருந்து மேல்நோக்கி அழித்தாள். முகம் கடைசியாகப் போயிற்று. நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை துல்காரை ஒரு வாத்து தாக்கியது. சபிக்கப்பட்ட வாத்துதான், ஆனாலும் வாத்து. பகடையில் இருப்பதிலேயே மோசமான எண்ணான ஒன்று விழுந்தது. துல்காரும் விழுந்தான்.

"மார்னி, மந்திரம் போடு, சீக்கிரம்," என்றார் டெஸ்மண்ட்.

"யாரு போடுறது? படத்துல அவன் பக்கத்துல யாருமே இல்லையே."

ஃபெர்கஸ் தீர்மானத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். அடியில் அவர் கையெழுத்தே இருந்தது. துல்கார் வீரமரணம் எய்தினான். மார்னி டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறையில் ஆடும் குழுவில் போய்ச் சேர்ந்தாள். அவர்கள் சிரிப்பது சுவரைத் தாண்டிக் கேட்கிறது.

டெஸ்மண்டின் புதிய மாவீரனுக்கு இன்னும் முகம் அமையவில்லை. எங்கள் மூவருக்கும் கோடு போடத் தெரியாது என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். கூட்டக் குறிப்பில் துல்காரின் 'மரணத்துக்குக் காரணம்' என்ற இடத்தில், 'காப்பாற்றியவளைக் கைதட்டி அழித்தோம்' என்று எழுதினேன். அந்த வரி நீளமாக இருப்பதாக மற்ற இருவரும் கருதினார்கள். நான் அதையும் அழித்துவிட்டு, 'வாத்து' என்று எழுதினேன்.