ஒன்று அடித்தால் நிற்கணும்

பாப்பாவை நானே பழக்கிவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் சபதம் எடுத்தது ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில். அன்றைக்கு அவருடைய பஸ் ஓடவில்லை. வேலையில்லாத நாளில்தான் ஆண்களுக்கு இந்த மாதிரி வீரம் வரும்.

அவர் பெயர் மோகனராஜ். குண்டசாலையிலிருந்து கண்டிக்குப் போகிற பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். அவர் "முன்னுக்குப் போங்க" என்றால் இடமே இல்லாத இடத்தில் இடம் பிறக்கும். கல்யாண வீட்டுக் கூட்டத்தையே ஒரு பஸ்ஸுக்குள் அடுக்குகிறவருக்கு, ஒரு பிள்ளையை ஒன்றுக்குப் போகப் பிளாஸ்டிக் சட்டியில் உட்கார வைப்பது பெரிய காரியமா? அவர் கேட்டது அப்படித்தான்.

பாப்பாவின் பெயர் சஷ்விகா. நாற்பதைத் தாண்டி நான் பெற்ற பிள்ளை. மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மா" என்றும் இல்லை, "அப்பா" என்றும் இல்லை. பசித்தால் என் கவுன் நுனியை இழுப்பாள். வலித்தால் அழுவாள். எங்கே வலிக்கிறது என்பதை நான்தான் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மிட்வைஃப் மிஸ் வந்து பார்த்துவிட்டு, அப்பா அம்மா இருவருமாகப் பேச்சுக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார். தள்ளிப் போட வேண்டாம் என்று வாசலில் நின்று இன்னொரு தரமும் சொன்னார். அந்தச் சொல் என் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. கிளினிக் இருப்பதோ இவருடைய பஸ் போகிற ரோட்டில்தான், டவுனுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால். தினமும் அதைத் தாண்டிப் போய் வருகிறார். அந்தப் பக்கம் மட்டும் தலை திரும்பாது.

"என் காலு அந்த வாசல மிதிக்காது," என்றார். "எங்கப்பா நாலு வயசுலதான் பேச ஆரம்பிச்சாரு. செத்த அன்னைக்குத்தான் நிறுத்தினாரு."

அவருடைய அக்கா நல்லம்மா வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார். வயசு போன காலத்தில் பெற்றால் இப்படித்தான் என்று அவர் யாரிடமோ சொல்வது போல எனக்குச் சொல்லுவார். நான் அரிசியைக் களைந்துகொண்டே அழுவேன். அரிசி களைந்த தண்ணீரா கண்ணீரா என்று யாருக்கும் தெரியாது.

இந்த நிலைமையில்தான் சபதம். ஒன்றுக்கு வந்தால் பாப்பா வாயைத் திறந்து "ச்சூ" என்று கேட்பாளாம். கேட்டுவிட்டால் கிளினிக் பேச்சை நான் எடுக்கக் கூடாதாம்.

"கேக்கலன்னா?" என்றேன்.

"கேக்கும்," என்றார்.

தோற்றால் என்ன என்பது அவர் சபதத்திலேயே இல்லை.

டவுனிலிருந்து மஞ்சள் நிற வாத்துச் சட்டி ஒன்று வந்தது. பேம்பர்ஸைக் கழற்றினோம். இவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பஸ் மிதிபலகையில் தொங்குகிற மாதிரி நின்றார். "ஏறு, ஏறு, ஏறு" என்று வாத்தின் மேல் பாப்பாவை ஏற்றினார். ச்சூ என்று சொன்னால்தான் இறக்கி விடுவேன் என்றார். பாப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ச்சூ என்றபோது அவளுடைய உதடும் குவிந்தது. சத்தம் வரவில்லை.

இவர் விடவில்லை. ச்சூ, ச்சூ, ச்சூ. காலை முழுவதும் இதே மந்திரம். கடைசியில் அவரே எழும்பி டொய்லட்டுக்கு ஓடினார். பழகியது அவர் ஒருவர்தான்.

சிரிப்பு அந்த ஒரு நாளோடு போனது. வாத்திலிருந்து இறக்கியதும் பாப்பா அலுமாரிக்குப் பின்னால் போய் நனைத்தாள். இவர் சத்தம் போட்டார். மறுநாளும் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு பாப்பா ஒன்றுமே போகவில்லை. அடக்கினாள். வயிறு அம்மிக்கல் மாதிரி இறுகிவிட்டது. முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். அழுகிற பிள்ளையை விட அழாத பிள்ளையைப் பார்க்கத்தான் பயம்.

டாக்டர் மருந்து கொடுத்தார். பிள்ளை பயத்தில் அடக்குகிறது, அதட்ட வேண்டாம் என்றார். முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கியதும் இவர் வாத்தைக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்தார். ஆனால் சபதத்தைக் கவிழ்க்கவில்லை. இனி நீயே பார்த்துக்கொள், ஆனால் வாயால்தான் கேட்க வேண்டும் என்றார்.

எங்கள் சமையலறைக் கதவு நிலையில் ஒரு பழைய பஸ் மணி இருந்தது. இவர் முதன்முதலில் வேலை செய்த பஸ்ஸைப் பழைய இரும்புக்கு விற்றபோது கழற்றி வந்தது, கயிற்றோடு. பின்னேரங்களில் பாப்பா தான் உட்காருகிற சின்னக் கதிரையைத் தள்ளிக்கொண்டு அறையைச் சுற்றுவாள். அதுதான் பஸ். இவர் கயிற்றை ஒரு தரம் இழுத்தால் நிற்பாள். இரண்டு தரம் இழுத்தால் தள்ளுவாள். அப்பாவும் மகளும் சிரிக்கிற ஒரே நேரம் அதுதான்.

"பஸ்ஸுல இதான் வேதம்," என்பார் என்னிடம். "ஒண்ணு அடிச்சா நிக்கணும். ரெண்டு அடிச்சா எடுக்கணும். யாரு அடிச்சான்னு பாக்கக் கூடாது. எங்க வீரையா அண்ணன் கண்ணாடியக்கூட பாக்க மாட்டாரு. மணி கேட்டா போதும், எடுத்துருவாரு."

வீரையா அண்ணன் இவர் இப்போது போகிற பஸ்ஸின் டிரைவர்.

ஒரு நாள் மத்தியானம் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். டிங். திரும்பிப் பார்த்தால் பாப்பா கதிரையில் ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கால் இரண்டையும் ஒட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறாள். விளையாடுகிற முகம் இல்லை. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்ததும் துருவலைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காரியம் முடிந்தது. அவளாகவே திரும்பி வந்து கதிரையில் ஏறினாள். டிங், டிங். இனி போகலாம்.

நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து என் பிள்ளை எனக்குச் சொன்ன முதல் சேதி அது.

அதற்குப் பிறகு தினமும் மணி அடித்தாள். நான் அதைக் களவுச் சாமான் மாதிரி இவரிடமிருந்து மறைத்தேன். எத்தனை நாளைக்கு? ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் கண் முன்னாலேயே ஒன்று அடித்து, போய் வந்து, இரண்டு அடித்தாள். சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். முகம் கறுத்துவிட்டது.

"மணி அடிச்சே வேல நடந்தா, அப்புறம் எதுக்கு வாயத் தொறக்கப் போறா?"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நல்லம்மா, ஊமைப் பிள்ளைகளைத்தான் இப்படி மணி அடித்துப் பழக்குவார்கள் என்றார். அந்தச் சொல்லை யாரும் அதுவரை எங்கள் வீட்டுப் பக்கம் சொன்னதில்லை. இவர் கதிரையில் ஏறினார். மணியைக் கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்தார்.

மறுநாள் பாப்பா கதிரையில் ஏறி, கயிறு இருந்த இடத்தில் கையை நீட்டினாள். வெறுங்காற்றை இழுத்தாள். இன்னொரு தரமும் இழுத்தாள். பிறகு நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. வீட்டு மணியைக் கழற்றலாம். பஸ் மணியைக் கழற்ற முடியாது.

கிளினிக் நாளன்று, பாப்பாவுக்குச் செருப்பு வாங்க டவுனுக்குப் போகணும் என்றேன். நம்ம பஸ்ஸிலேயே வா என்றார் பெருமையாக. பேம்பர்ஸ் போடவில்லை. புறப்படும் முன் பாப்பாவுக்கு ஒரு முழுத் தெம்பிலி இளநீர் குடிக்கக் கொடுத்தேன். பையில் மாற்றுடுப்பு, கிளினிக் கொப்பி, மிஸ் தந்த துண்டு. கதவுக்குப் பக்கத்து சீட்டில், மணிக்கயிற்றுக்கு நேர் கீழே உட்கார்ந்து பாப்பாவை மடியில் நிற்க வைத்தேன்.

எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். அடக்கப் பழகிய பிள்ளை என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

தென்னக்கும்புர பாலம் போனது. பாப்பா கயிற்றைப் பார்க்கிறாள், தொடவில்லை. சனம் ஏறுகிறது. இவர் முன்னுக்குப் போங்க என்று எல்லோரையும் தள்ளுகிறார். பாப்பாவின் கால்கள் இறுகுவது என் மடியில் தெரிகிறது. நான் அடிக்கலாம்தான். நான் அடித்தால் இவர், செருப்புக் கடை இங்கே இல்லை என்று இரண்டு அடித்துவிடுவார். என் எண்ணமும் தெரிந்துபோய், இனி எப்போதும் பாப்பாவோடு என்னை இந்த ரோட்டில் வர விடமாட்டார். தூரத்தில் கிளினிக் மதில் வந்தது. கேட் வந்தது. என் திட்டம் போய்விட்டது என்று நினைத்தேன்.

டிங்.

வீரையா அண்ணன் பிரேக் போட்டார். நின்றிருந்தவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யார் இறங்குவது என்று இவர் மிதிபலகையிலிருந்து கத்தினார். ஒருவரும் அசையவில்லை. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா சிரித்துக்கொண்டே பாப்பாவைக் காட்டினார். பாப்பா அப்பாவிடம் இரண்டு கையையும் நீட்டினாள். முகம் சிவந்திருந்தது.

இவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பக்கம் பார்த்தார், கடைகள். அந்தப் பக்கம் பார்த்தார், பள்ளம். பஸ் நிறையத் தெரிந்த முகங்கள்.

"உள்ள டொய்லட் இருக்கு," என்றேன், கிளினிக் கேட்டைக் காட்டி.

என்னை ஒரு பார்வை பார்த்தார். பாப்பா முனகினாள். அவ்வளவுதான். பிள்ளையைப் பறித்துக்கொண்டு, டிக்கட் பை இடுப்பில் ஆட, அந்த வாசலுக்குள் ஓடினார். மிதிக்க மாட்டேன் என்ற கால் இரண்டிரண்டு படியாகத் தாண்டியது.

நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். இறங்கும் முன் கயிற்றை இரண்டு தரம் இழுத்தேன். வீரையா அண்ணன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது.

நனையாத பிள்ளையோடு இவர் வெளியே வந்தார். வெறும் ரோட்டைப் பார்த்தார்.

"பஸ் எங்க?"

"போயிருச்சு."

"ரெண்டு அடிச்சது யாரு?"

"யாரு அடிச்சான்னு பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

கிளினிக் வராந்தாவில் போட்டிருந்த நீள வாங்கில் போய் உட்கார்ந்தோம். சுற்றிலும் எங்களைப் போலவே அம்மாமார், பேசாத பிள்ளைகள். இவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். டிக்கட் பையின் பட்டியை முறுக்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"நிரஞ்சனி, உள்ள போனா ஒரு பேரு வச்சுருவாங்க. அப்புறம் அத அழிக்க ஏலாது."

அவருக்கும் பயம்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் இவள் இதே பாப்பாதானே என்றேன். பயம் எனக்கும்தான்.

உள்ளே பேச்சுப் பழக்குகிற ஒரு சின்ன வயது மிஸ். டொய்லட் போக வேண்டும் என்றால் பிள்ளை எப்படிக் கேட்கும் என்று இவரிடம் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். பிறகு விரலை மடக்கி இரும்பு மேசையில் ஒரு தரம் தட்டினார். பாப்பா என் மடியிலிருந்து இறங்கி, கதவுப் பக்கம் பார்த்து நின்றாள்.

வீட்டு மணிக் கதையை நான் சொன்னேன். இதுவும் பேச்சுத்தான் என்றார் மிஸ். மணியை நிறுத்த வேண்டாம், அதனால் வாய் சோம்பலாகாது, முதலில் காதைச் சோதிக்க வேண்டும் என்றார். இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பேச்சு வருமா? மிஸ் வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. மாதா மாதம் வரச் சொன்னார். திரும்பும்போது இருவரும் பாப்பாவின் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் மணியை எடுத்து, பாப்பாவுக்கு எட்டுகிற உயரத்தில் பூட்டினார். அதோடு நின்றிருந்தால் அவர் என் வீட்டுக்காரர் இல்லை. மணி அடித்துப் பழக்குகிற முறையைக் கண்டுபிடித்ததே தான் என்று வீரையா அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். இன்றைக்குக் காலையில் வேலியோரம் நின்று நல்லம்மாவுக்கும் அதே பிரசங்கம். "நான் ஆரம்பத்துலயே சொன்னேன் அக்கா, இந்தப் பிள்ளைக்கு..."

டிங்.

பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். தூக்கினார், கொண்டு போனார், கொண்டு வந்து விட்டார். வேலிக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடங்க வாயைத் திறந்தார். பாப்பா கயிற்றைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வாய் திறந்தது திறந்தபடி நிற்கிறார். அவள் இன்னும் இரண்டு அடிக்கவில்லை.