கேபிள் அறை இரண்டு, அதாவது கிடங்கு ஏழு

புதுச்சேரி,
பழைய எண் 18.

மதிப்பிற்குரிய டாக்டர் எஸ். இராமதாஸ் ஐயா அவர்களுக்கு,

தங்களுக்கு அறிமுகமே இல்லாத இன்னொரு எஸ். இராமதாஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி தையல்நாயகியும் சுகம். பாரிசில் தாங்களும் தங்கள் துணைவியாரும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட வேண்டுதல். நின்றுகொண்டிருந்தால் தயவுசெய்து உட்காரவும்.

போன மாதம் எனக்குக் கூரியரில் ஒரு பார்சல் வந்தது. மேலே 'டாக்டர் எஸ். இராமதாஸ், எண் 18' என்று அச்சடித்திருந்தது. என் அப்பா சுப்பராயன், ஆகவே நானும் எஸ்.தான், வீடும் பதினெட்டுதான். டாக்டர் என்ற சொல் கொஞ்சம் இடித்தது உண்மை. ஆனால் முப்பத்தோரு வருடம் மில்லில் வயர்மேனாக இருந்த என்னை எல்லாரும் 'மோட்டார் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள், அந்தச் செய்தி மேலிடம் வரைக்கும் போயிருக்கிறது போலும் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஓர் அணுமின் நிலையத்தில் மின்சாரத்தால் தீப்பிடித்தால் என்ன ஆகும், தடுப்பு ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று ஒழுங்குமுறை அமைப்பு மறுஆய்வு செய்கிறதாம். குழு உறுப்பினராகிய நான் படித்துப் பார்த்துக் குறை சொல்ல வேண்டுமாம். ஐயா, பெரிய மார்க்கெட் பக்கத்து டிரான்ஸ்பார்மரில் பொறி பறக்கிறது என்று பதினான்கு மனு போட்டவன் நான். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. பதினான்குக்கும் சேர்த்து இப்போது பதில் வந்துவிட்டது என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "குறை சொல்றதுக்கு கவர்மெண்டே ஆளு தேடுனா உங்களத்தான் கூப்புடும்" என்றாள் தையல்நாயகி. அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பதினோரு நாள் படித்தேன். இங்கிலீஷ் எனக்கு மில் அளவுக்குத்தான் வரும், ஆனால் ஒயர் எந்த மொழியிலும் ஒயர்தானே. உலையைக் குளிர வைக்கிற பம்புகளுக்கு இரண்டு தொகுதி கேபிள். ஒன்று எரிந்து போனாலும் இன்னொன்று பிழைக்க வேண்டும். அதனால் இரண்டும் வேறு வேறு அறை வழியாகப் போக வேண்டும், நடுவே தீ தாண்டாத சுவர் வேண்டும். சாராம்சம் இவ்வளவுதான். வரைபடத் தாள்கள் ஒவ்வொன்றும் வேட்டி அகலம் இருந்ததால் வீட்டுக்குள் விரிக்க இடமில்லாமல் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் மூலைக்கொரு செங்கல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் காற்று ஒரே தூக்காகத் தூக்கி இரண்டு தாளைப் பக்கத்து வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்விட்டது. "அண்ணே, உங்க கவர்மெண்டு காயிதம் எங்க கருவாடு கழுவுன தண்ணியில வுழுந்துடுச்சு!" என்று ரமீஜா கத்தியது நோணாங்குப்பம் வரைக்கும் கேட்டிருக்கும். அவள் புருஷன் தாஜுதீன், மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர், இரண்டு தாளையும் தூக்கினார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் கிழிந்துவிடும் என்று அப்படியே வெயிலில் பிடித்தவர், "இன்னாண்ணே இது, செவப்பு கோடும் நீலக் கோடும் ஒரே ரூமுக்குள்ள பூந்து வருது? தனித்தனியா போவணும்னுதானே நேத்து என்னாண்ட சொன்னீங்க?" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மை. சிவப்பு முதல் தொகுதி, நீலம் இரண்டாவது தொகுதி. ஒரு தாளில் அந்த அறைக்குப் பெயர் 'கேபிள் அறை 2'. இன்னொன்றில் அதே அறைக்குப் பெயர் 'கிடங்கு 7'. வேறு வேறு வருடத்தில் வேறு வேறு ஆள் வரைந்திருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் கடவுளுக்கே தெரியாது. ஆனால் ஒரே தெருவுக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர் வைத்துக்கொண்டு குடியிருக்கிற ஊர்க்காரனை அப்படி ஏமாற்ற முடியுமா?

பார்சலோடு வந்த கடிதத்தில் குறித்திருந்தபடி மறுநாள் வீடியோவில் கூட்டம். காரைக்காலில் இருக்கிற தங்கையோடு தினமும் முகம் பார்த்துப் பேசுகிறவள் என்பதால் போனை இயக்குகிற பொறுப்பு தையல்நாயகிக்கு. சட்டையை இஸ்திரி போட்டு உட்கார்ந்தேன். கைலி கேமராவில் தெரியாது என்று அவள் உத்தரவாதம் கொடுத்தாள். குழுவின் செயலாளர் நிர்மலா என்ற அம்மையார் மிகவும் மரியாதையானவர். "டாக்டர் இராமதாஸ் இன்னா நெனக்கிறாங்க, சொல்லுங்க" என்று என்னிடமே கேட்டார். பெரிய இடத்தில் இப்படித்தான் நேரில் இருப்பவரையும் படர்க்கையில் பேசுவார்கள் போலிருக்கிறது. நான் வாயைத் திறக்கவும் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. தலைவர் திடுக்கிட்டு, "என்ன சத்தம் அது?" என்றார். "சேப்டி வால்வுங்க. நல்லா வேலை செய்யுது" என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். மின் நிலையத்தின் தரப்பில் வினோத்குமார் என்ற இஞ்சினியர் சிரித்துவிட்டு, "சார், அது கேபிள் அறை ரெண்டு, இது கிடங்கு ஏழு. வேற வேற" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, எழுந்து நின்றுவிட்டேன், கைலியோடு. "தம்பி, எங்க மில்லுல தீயணைக்க ரெண்டு பம்பு இருந்துச்சு. ஒண்ணு நின்னா இன்னொண்ணு. ரெண்டுக்கும் ஒயரு ஒரே காவாயில போச்சு. பஞ்சுல புடிச்ச தீ காவாயில எறங்குச்சு, ரெண்டு பம்பும் ஒரே நிமிசத்துல நின்னுச்சு. நாப்பது பேரு வாளியில மொண்டு ஊத்துனோம், ஒண்ணும் ஆவல. அது மில்லு, போனா போச்சுன்னு வுட்டோம். இத அப்பிடி வுட முடியுமா? அந்த ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சிப் பாருங்க, அது போதும்." யாரோ திரையிலேயே வைத்துப் பார்த்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கே அந்த ரூமைத் திறந்து பாருங்க" என்றார்.

அன்று மாலைதான் ஐயா, பார்சல் உறையைப் பத்திரப்படுத்த எடுத்தபோது 'எண்'ணுக்கு முன்னால் பொடி எழுத்தில் 'புதிய' என்று இருப்பதைப் பார்த்தேன். என் வீடு பழைய எண் 18. புதிய எண் 18 தெருக்கோடியில். போனால், காவலாளி அம்மாவாசை, "டாக்டரா? பேரனப் பாக்க பிரான்சு போயிருக்காங்க, வர ரெண்டு மாசம் ஆவும்" என்று தங்கள் பாரிஸ் விலாசத்தையும் எடுத்துக் கொடுத்தார். ஆறு மாதம் முன்புதான் குடிவந்தீர்களாம். பெயர்ப்பலகையில் தங்கள் பட்டங்கள் இரண்டு வரிக்கு நீண்டிருந்தன. தங்கள் பெயரில் உட்கார்ந்து, தங்களைப் போலவே பேசி, ஒருவருக்கும் துளிச் சந்தேகம் வராமல் நடித்திருக்கிறேன்!

என்னை ஜெயிலில் போட்டால் போகிறேன். தையல்நாயகி வழிக்கு மூன்று ரொட்டி கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஐயா, ஆள் போலி என்று தெரிந்தால் சொன்னதும் போலி என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த அறை அப்படியே கிடக்கும். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: 'அன்றைக்குப் பேசியது நான்தான்' என்று தாங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் அடுத்த விமானத்திலேயே கிளம்பி வாருங்கள். தாள்களைத் திருப்பித் தருகிறேன். கருவாட்டு வாடைக்கு மன்னிக்கவும்.

பாரிசில் குளிர் எலும்பைத் தொடும் என்கிறார்கள், காதை மூடிக்கொள்ளவும். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம், பேரனுக்கு என் முத்தம். தங்கள் வீட்டில் மின்சாரமும் மனமும் என்றும் சூடேறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பெயரைக் கெடுக்க நினைக்காத
எஸ். இராமதாஸ் (வயர்மேன், ஓய்வு)

பின்குறிப்பு: இன்று காலை தபால்தலை ஒட்டும்போது நிர்மலா அம்மாவிடமிருந்து போன். அறையைத் திறந்து பார்த்தார்களாம். இரண்டு கேபிளும் ஒன்றுக்கொன்று கைக்கெட்டும் தூரத்தில் போகிறதாம். ஒன்றை வேறு வழியாக மாற்றப் போகிறார்கள். "மேடத்துக்கு எங்க நன்றிய சொல்லிடுங்க சார்" என்றார். "எந்த மேடம்?" என்றேன். "உங்க வீட்டம்மாதான் சார், டாக்டர் சரிதா இராமதாஸ். அவங்க ஊர்ல இல்லாததால அவங்க குறிப்ப நீங்க படிக்கிறீங்கன்னு நெனச்சோம்." எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அவர் சிரித்துச் சிரித்து, "யாரு சொன்னா இன்னா சார், ரூம் ரூம்தானே" என்றார். ஆகவே தாங்கள் எந்தக் கடிதமும் எழுதித் தர வேண்டாம், விமானம் ஏற வேண்டாம், மேலே 'ஐயா' என்று வரும் இடமெல்லாம் 'அம்மா' என்று திருத்தி வாசிக்கவும். துணைவியாருக்குச் சொன்ன வணக்கத்தைத் தங்கள் வீட்டுக்காரரிடம் சேர்த்துவிடவும். ஒரே ஒரு உதவி மட்டும். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "யாருங்க அந்த டாக்டரம்மா?" என்று தையல்நாயகி காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், அடுப்பு பற்ற வைக்கவில்லை. தாங்கள் எனக்கு யாருமே இல்லை என்று ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை இருந்தால் அதையும் குத்தி, உடனே அனுப்பி வைக்கவும். உறையில் 'பழைய' என்பதைப் பெரிதாக எழுதவும்.