நீலப் பேன்ட்டுக்கு ஏறிய கால்சியம்

இதை நான் எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் சொல்லப்போகிறேன். படிப்பைப் பாதியில் விட்டவள். மருந்துப் பெயரை மாற்றி எழுதி, அதை யாராவது வாங்கித் தின்று தொலைத்தால் என்ன செய்வது? அதனால் மருந்தின் பெயரே வராது.

என் வீட்டுக்காரர் தையல்காரர். வயிற்றில் வந்த கட்டிக்காக இரைப்பையையும் குடலில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் தையல் கோணல் என்று டாக்டரிடமே குறை சொன்னார். சரி, பிழைத்துக்கொண்டார் என்று நினைத்தேன். ஆனால் சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. விரல்கள் மரத்தன. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்பார். ஒருநாள் கோட்டுத் துணி வெட்டும்போது கை கொக்கி மாதிரி மடங்கி, கத்தரிக்கோல் அதற்குள் மாட்டிக்கொண்டது. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

இரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது, இப்படியே விட்டால் இதயமே தாளம் தப்பும் என்றார் டாக்டர். ஆயுசுக்கும் மாத்திரை. இரைப்பை இல்லாததால் இனிப்பு கூடவே கூடாது. இனிப்பு என்றதும்தான் அவர் முகம் விழுந்தது.

வேளாவேளைக்கு மாத்திரையைக் கையில் கொடுப்பேன். தண்ணீர் குடிப்பார், வாயைத் திறந்து காட்டுவார். நானும் நம்பினேன். கை மட்டும் தேறவில்லை.

பட்டனுக்குக் காஜா எடுப்பதும் மடிப்பு அடிப்பதும் என் வேலை. ஒரு நீலப் பேன்ட்டை எடுத்தேன். வெட்டுமுன் துணியில் குறி போடும் சாக்கட்டிக் கோடு தட்டினால் போய்விடும். இந்தக் கோடு தட்டியும் போகவில்லை, தேய்த்தும் போகவில்லை. அவருடைய சாக்கட்டி டப்பாவைத் திறந்தேன். உள்ளே பாதிக்குப் பாதி மாத்திரை. ஒளித்துவைத்தவரே கண்ணாடி போடாமல் ஒன்றை எடுத்துக் கோடு கிழித்திருக்கிறார்.

"என்னங்க இது?"

"சாக்கட்டி."

"சாக்கட்டியில எழுத்து குத்தியிருக்கு?"

"இப்பல்லாம் எல்லாத்துலயும் குத்துறாங்க."

"அப்ப பேன்ட்டுக்குத்தான் கால்சியம் ஏறியிருக்கு."

"தொண்டையில சிக்குதுடி. எனக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, விடு."

அழுதேன், பேசாமல் இருந்தேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் தனியாக டாக்டரிடம் போனேன். இரைப்பை இல்லாதவருக்குப் பழைய மாத்திரை சரியாகக் கரையாது, வேறு வகை தருகிறேன் என்றார். மென்று தின்பது. இனிக்கும், ஆனால் சர்க்கரை கிடையாது. மொத்தமாகப் போட்டால் உடம்பு ஏற்காது, சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகத்தான். அவருக்குத் தெரியாமல் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"அது என் காதுல விழலம்மா. அளவு மட்டும் தாண்டக்கூடாது."

இவரைத் தின்னு என்றால் தின்னமாட்டார். தொடாதே என்றால் தொடாமல் இருக்கமாட்டார். அந்த மாத்திரையை ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு பீரோ மேல் வைத்தேன். அக்கா பேரப்பிள்ளைகள் வந்தால் கொடுக்க வைத்திருக்கிறேன், உங்களுக்கு ஆகாது, கை வைத்தால் தெரியும் சேதி என்று மிரட்டினேன். சாப்பாடு முடிந்ததும் அடுப்படியில் பாத்திரங்களைச் சத்தமாக உருட்டினேன். ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. பிறகு கடக்முடக்.

அதிகமாகத் தின்றுவிடுவாரோ என்று வேளைக்கு ஒன்றுதான் போட்டு வைப்பேன். எடுக்க எடுக்க முளைக்கிறதே என்று அவருக்கும் சந்தேகம் வந்திருக்கும். திருடுகிறவர் யாரிடம் போய்க் கேட்பார்?

விரல் நிமிர்ந்தது. பாதியில் நின்ற கோட்டைத் தைத்து முடித்தார். இரத்தம் சோதித்தார்கள், கால்சியம் ஏறியிருந்தது. டாக்டர் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு மாத்திரைகூட முழுங்கவில்லை, உடம்பு தானாகவே தேறிவிட்டது, இவள்தான் சும்மா பயப்படுகிறாள் என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் என் பக்கம் குனிந்தார்.

"ஒண்ணு சொல்லுவேன், திட்டக்கூடாது. அந்த மிட்டாயை நான்தான் தின்னேன். பிள்ளைங்க பண்டத்தை எடுத்தது மனசை அறுக்குது. இனிமே சத்தியமா தொடமாட்டேன்."

இந்த மனுஷன் நல்லவராகி உயிரை விட்டுவிடுவார் போலிருந்தது. உண்மையைச் சொன்னால் மருந்து என்று துப்பிவிடுவார். யோசிக்க நேரமில்லை.

வழியிலேயே ஒரு பூட்டு வாங்கினேன். வீடு வந்ததும், உங்கள் சத்தியத்தை எவள் நம்புவாள் என்று அவர் முகத்துக்கு நேராக டப்பாவைப் பூட்டி, அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாவியை ஒளித்துவைத்தேன்.